குப்புசாமி அழுத்தாத பட்டன்

மாரியம்மன் மேல் ஆணை, என் தையல் மெஷின் மேல் ஆணை, வாயில் மிச்சமிருக்கிற பற்கள் மேல் ஆணை. கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. இதே சத்தியத்தை ஃபிஜியில் எங்கள் ஊர் லோவு ரோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தியும் சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் போன கரும்பு லாரிக்காரர்கள் எல்லோரும் சாட்சி. அவர்களில் பாதிப் பேர் இப்போது ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள் என்றால் அது என் குற்றமில்லை.

மூடி தைப்பது என் தொழில். நன்றாகத் தைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; மோசமாகத் தைத்தால் ஊருக்கே தெரியும். லாரிக்குத் தார்ப்பாய், படகுக்கு விரிப்பு, கல்யாணத்துக்குப் பந்தல் என்று எத்தனையோ தைத்தேன். லாரி எதுவும் திரும்பி வந்து தோள்பட்டையில் பிடிக்கிறது என்று புகார் சொன்னதில்லை. துணியோடும் அதைக் கொண்டுவருகிறவர்களோடும் மல்லுக்கட்டுகிற என் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? என்னை ஒரு கரும்பு வெட்டிலிருந்து அடுத்த கரும்பு வெட்டு வரைக்கும் ஆட்டிவைத்தது ஒரே ஒரு மூடிதான். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தப்பான பக்கத்து மேடு

சபேட்டோ கிராமத்துக் குப்புசாமிக்கு நாந்தி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த காலத்தில் அவனுடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் பெட்டிகளைத் தன் கையாலேயே விமானத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், மனசு சரியில்லாமல் ஒரு கார் கட்ட ஆரம்பித்தான். மனசு சரியில்லாவிட்டால் சிலர் குடிப்பார்கள், சிலர் மொட்டை அடித்துக்கொள்வார்கள். இவன் கார் கட்டினான். அந்தக் காலத்து இங்கிலீஷ் துரைமார்கள் கழுத்தில் துணி பறக்க ஓட்டுவார்களே, இரண்டே சீட்டு, கூரை கிடையாது, ரோட்ஸ்டர் என்பார்கள், அதற்கு நகல். மேல் ஓடு நியூசிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஃபைபர் கிளாஸ். உள்ளே துடிப்பது செத்துப்போன ஒரு ஜப்பான் டாக்ஸியின் எஞ்சின். நகல்தான், ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் அசல் வெட்கப்படும். கட்டி முடிக்கிறதற்குள் நாட்டில் அடுத்த கலவரம் வந்துவிட்டது. தலைநகர் சுவாவில் துப்பாக்கி, ரோடெல்லாம் ராணுவம். பிரிஸ்பேனில் கட்டிக்கொடுத்த மகள், அப்பா அம்மாவுக்கு விசா வாங்கிவிட்டாள். அடுத்த கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் போய் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் விசா செத்துவிடும். குப்புசாமியின் பெண்சாதி மங்கம்மா அன்றைக்கே சட்டி பானையை ஏலம் போடத் தயார். குப்புசாமியோ சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணினான்: "வண்டி முடிஞ்சதும் போயிடலாம்."

முடிய வேண்டியது மூடி ஒன்றுதான். கூரை இல்லாத வண்டியை நிறுத்திவைக்கும்போது இரண்டு சீட்டையும் சேர்த்து மூடி, சுற்றிலும் பட்டன் போட்டு, மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுகிற விரிப்புக்கு டோனோ கவர் என்று பெயர். நடுவில் நீளமாக ஒரு ஜிப் இருக்கும். தனியாகப் போகிறவன் தன் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, பக்கத்து சீட்டை மூடியபடியே ஓட்டலாம். ஸ்டியரிங் முட்டாமலிருக்க அந்த இடத்தில் ஒரு மேடு வைத்துத் தைப்போம். காரியம் சீக்கிரம் ஆகட்டும் என்று கலிஃபோர்னியாவில் இருக்கிற மங்கம்மாவின் அண்ணன் ஒரு கவரைத் தைத்தே அனுப்பிவிட்டார். அந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், நம்முடைய ஃபிஜியில் வலது பக்கம் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. விரித்துப் பார்த்தால் வலது பக்கம் ஸ்டியரிங் துணியைக் கிழிக்கப் பார்க்கிறது, இடது சீட்டின் மேல் மேடு எட்டு மாச வயிறு மாதிரி காலியாக நிற்கிறது. அப்படியே வண்டியை லோவுக்கு என் கடைக்கு ஓட்டிவந்தான் குப்புசாமி. முகத்தில் சந்தோஷத்தை மறைக்க அவனால் முடியவில்லை. பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிய மங்கம்மா அந்தக் காலி மேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அண்ணனுக்காவது எனக்கும் ஒரு ஸ்டியரிங் குடுக்கணும்னு தோணியிருக்கு."

பத்து மணி வெயில்

புதுக் கவர் தைக்க ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என் கடைக்கு இரண்டு விதமான வருகை. காலையில் மங்கம்மா வருவாள்: "மாமா, இந்த வாரம் முடிஞ்சிடுமா?" சாயங்காலம் வேலை விட்டு குப்புசாமி வருவான்: "மாமா, நல்ல வேலைக்கு அவசரம் கூடாது பாருங்க." இரண்டு பேரும் ஒரே நாளில் வந்துவிட்டால் என் கடை வாசலில் தமிழ் கேட்கும். அவர்கள் வீட்டில் சமாதானத்துக்கு ஃபிஜி இந்தியர் எல்லோரும் பேசுகிற இந்தி, சண்டைக்குத் தமிழ். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்பதால், வேடிக்கை பார்க்க வந்ததுகள் ஏதோ கோயில் மந்திரம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

வினைல் துணியோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது மனுஷ ஜாதி. உச்சி வெயிலில் இளகிக் கொடுக்கும். அப்போது ஏமாந்து அளவெடுத்துப் பட்டன் அடித்தால், மறுநாள் குளிரில் சுருங்கிப் பட்டனைப் பிடுங்கிக்கொண்டு போகும். விடியற்காலையில் அடித்தாலோ மத்தியானம் தொங்கும். அதனால் பத்து மணி வெயில்தான் கணக்கு. பின்பக்கத்து நடுவில் ஆரம்பித்து, இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். அந்த நேரம் லௌடோக்கா சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புப் பாகு வாசனை மிதந்து வரும். எரிந்த தோகையின் கரி கறுப்புப் பூ மாதிரி ஆடி ஆடி வந்து துணி மேல் உட்காரும். நான் ஊதிவிட்டு அடுத்த பட்டனுக்குப் போவேன். பல நாள் அப்படி ஊதிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன். ஒரு நாள் நான் இழுத்த இழுப்பு எப்படி அமைந்தது என்றால், மரத்திலிருந்து விழுந்த ஒரு பிஞ்சு மாங்காய் கவர் மேல் பட்டுத் துள்ளி, ரோட்டைத் தாண்டி, ஓடுகிற பஸ்ஸின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறி, எதிர்வீட்டுச் சமையல்கட்டில் கொதித்துக்கொண்டிருந்த பருப்புச் சட்டியில் விழுந்தது. என்னைக் காக்கா, அதாவது இந்தியில் சித்தப்பா, என்று கூப்பிடுகிற அந்த வீட்டம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் எழுந்து நின்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "மாங்கா போதும் காக்கா. நாளைக்கு ரெண்டு கத்திரிக்கா அனுப்புங்க."

கண் திறப்பு

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மூடியானாலும் எல்லாப் பட்டனையும் நான் அழுத்துவேன், கடைசிப் பட்டனைத் தொட மாட்டேன். அதை முதல் தடவை உடையவன்தான் அழுத்த வேண்டும். சிலை செய்கிறவன் எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் கோயிலில் வைத்துத் திறக்கிறான் அல்லவா, அந்த மாதிரி. உடையவன் அழுத்துகிற வரைக்கும் அது முடிந்த வேலை இல்லை, என் பொறுப்பு. அழுத்திய பிறகு அவன் பொறுப்பு. தவுவா டவுன் வரைக்கும் என் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தேங்காய் உடைத்துவிட்டு அழுத்துகிறவர்களும் உண்டு.

கவர் முடிந்த அன்றைக்குப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பத்து மணி. எல்லாப் பட்டனும் விழுந்தாயிற்று. டிரைவர் கதவோரத்துப் பட்டன் ஒன்று மட்டும் பாக்கி. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினேன். குப்புசாமி கட்டைவிரலை வைத்தான். எடுத்தான். சட்டையில் துடைத்தான். திரும்ப வைத்தான். ஆலைப் புகை வானத்தில் ஒரு முழு ஆட்டுக்குட்டியாகிக் கரைகிற வரைக்கும் வைத்தபடியே இருந்தான். பிறகு "இன்னிக்குச் செவ்வாக்கிழமை" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்த எந்தக் கிழமையும் அவனுக்குச் சரிப்படவில்லை. வண்டியைச் சபேட்டோவுக்குக் கொண்டுபோய்விட்டான். ஓட்டுவான், வந்து மூடுவான், எல்லாப் பட்டனையும் போடுவான். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிடுவான். கேட்டால், "வேலை இன்னும் முடியலையே. மாமா கடை வழக்கம் அப்படி" என்று என் மேல் பழியைப் போடுவான். நான் மங்கம்மாவிடம் சொன்னேன்: "அவன் இல்லாத நேரம் நீயே ஒரு அழுத்து அழுத்திடு அம்மாடி. வண்டி ரெண்டு பேருக்கும் சொந்தம்தானே." அவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் அழுத்த மாட்டேன் மாமா. அங்க போய் முதல் நாள் தலைவலி வந்தாலும், நீதானடி அழுத்தினேன்னு சொல்லுவாரு. சாகிற வரைக்கும் அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

மூடிய பக்கம்

மங்கம்மாவும் ஒரு சபதம் போட்டாள்: டிக்கெட் எடுக்கிற வரைக்கும் அந்த வண்டியில் உட்கார மாட்டாள். அதனால் குப்புசாமி ஓட்டும்போதெல்லாம் அவள் பக்கம் ஜிப் போட்டு மூடியே இருக்கும். கறுப்பு வினைலின் மேல் மேகங்கள் ஓட, பக்கத்தில் யாருமில்லாமல் அவன் போவதைப் பார்த்தால் பாதிக் கனவு விழித்துக்கொண்டு மீதிப் பாதி தூங்குகிற மாதிரி இருக்கும்.

மகளுக்குப் பிரசவம் என்று ஆள் மூலம் செய்தி வந்த அன்றைக்கு வீட்டில் டெலிபோன் செத்துக் கிடந்தது. பஸ்ஸும் ஓடவில்லை. நாந்தி டவுனுக்குப் போய்த்தான் பேச வேண்டும். மங்கம்மா வண்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "உட்கார மாட்டேன்னுதான் சொன்னேன். படுக்க மாட்டேன்னு சொல்லலை" என்று சொல்லி, சீட்டில் சுருண்டு படுத்து, ஜிப்பைத் தன் தலைக்கு மேல் தானே இழுத்துக்கொண்டாள். நடுவழியில் ராணுவச் சோதனை. வரிசையில் அவர்களுக்கு அடுத்ததாக ஆளும் சாமானும் ஏற்றுகிற கேரியர் லாரி ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருந்தேன் நான். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வாலிபன் ஒருவன், பூர்வகுடி ஃபிஜியன் சிப்பாய், முதலில் வண்டியையே ரசித்து ஒரு சுற்று வந்தான். "புலா" என்று மரியாதையாக வணக்கம் சொன்னான். பிறகு மூடிய பக்கம் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டான்.

"உள்ள என்ன?"

குப்புசாமி ஸ்டியரிங்கைத் துடைத்தான். சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு ஜிப்பை இழுத்தான். உள்ளிருந்து மங்கம்மா எழுந்தாள். சிவப்புச் சேலை, காதோரம் செம்பருத்தி, கன்னத்தில் சீட்டுத் தையலின் தடம். அசலாகவே தூங்கியிருக்கிறாள். சுற்றிலும் பார்த்து, "பேரனா, பேத்தியா?" என்று அந்தச் சிப்பாயையே கேட்டாள். அவன் இரண்டடி பின்னால் போனான். மேலதிகாரி தூரத்திலிருந்து என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை என்று கைகாட்டினான். வண்டியைப் போகச் சொல்லிவிட்டு, நல்ல இந்தியில் குப்புசாமியின் காதருகே சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "துப்பாக்கி இருக்கான்னு பாக்கத்தான் எனக்கு உத்தரவு, அண்ணா. வீட்டுக்காரி இருந்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலை."

குளம்

மழைக்காலம் வந்தது. பேத்தி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள் என்று பிரிஸ்பேனிலிருந்து ஒவ்வொரு சேதியாக வர, அழுத்தாத பட்டனின் இடுக்கு வழியாக வண்டிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபேட்டோ போய்ப் பார்த்தபோது உள்ளே குளம். இரண்டு வாத்துகள் குடியேறிவிட்டன. கிளட்ச் பக்கம் ஒரு தவளைக் குடும்பம். பிரேக் பெடலைச் சுற்றி விரல் நீளத்துக்குத் திலாப்பியா மீன்கள் நீந்தின. அவை எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். மீனைக் கேட்டேன், சொல்லவில்லை. குப்புசாமி பக்கத்தில் பாய் போட்டு, நங்கோனா வேர் கரைத்த சட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு சிரட்டை குடித்தால் நாக்கு மரக்கும், மூன்று சிரட்டைக்கு மேல் போனால் கவலைகூட மரத்துப்போகும்.

அவன் கவலை மட்டும் மரக்கவில்லை. எதிரே மலை. தூங்குகிற ராட்சசன் என்று எல்லோரும் சொல்கிற மலை. மல்லாந்து படுத்தவனின் நெற்றி, மூக்கு, வயிறு எல்லாம் தெரியும். கரும்புப் பூ அசையாத மத்தியானத்தில் அந்த வயிறு மூச்சு விடுவதை நானே பார்த்திருக்கிறேன். குப்புசாமி அதைப் பார்த்தபடியே சொன்னான், "பொறந்ததுலேருந்து நான் தலை வச்சுப் படுக்கிற திசை அது மாமா. முழிப்பு வந்தா முதல்ல அவனைத்தான் பாப்பேன், இருக்கானான்னு. அங்க போனா நான் எந்தப் பக்கம் தலை வைக்கிறது? எவன்கிட்ட கேக்கறது?" நான் இன்னொரு சிரட்டை மொண்டு நீட்டினேன். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு வாத்து ஸ்டியரிங் மேல் ஏறி உட்கார்ந்தது. சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த மங்கம்மா, எந்த மீன் என்று கேட்காதீர்கள், தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "மலை எதிர்த்துப் பேசாது மாமா. அதான் இவருக்கு அது மேல இத்தனை பாசம்."

பறந்த வண்டி

விசாவின் ஆயுள் தேய்ந்துகொண்டே வந்தது. மங்கம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாமான்களை விற்கவும் இல்லை, கட்டவும் இல்லை. பின்பக்கம் மிளகாய் நாற்று வைக்க ஆரம்பித்தாள். மிளகாய் காய்க்க எத்தனை மாசம் ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். குப்புசாமி ஒரு நாள் அந்தப் பாத்தியோரம் நின்று வெகுநேரம் பார்த்தான். தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

புயல் எச்சரிக்கை வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஆறு பெருகி ரோட்டை மறித்துவிட்டது. மத்தியானமே வானம் பாத்திரக் கரி மாதிரி ஆகிவிட்டது. காற்று முதலில் மிளகாய் நாற்றைப் பிடுங்கியது, பிறகு கோழிக்கூண்டை, பிறகு அந்த ஒற்றை இடுக்கைக் கண்டுபிடித்து வண்டிக்குள் நுழைந்தது. கவர் பூரி மாதிரி உப்பியது. வாத்துகள் பறந்து தப்பின. நான் ஓடிப்போய் பின் பம்பரைப் பிடித்தேன். சக்கரம் நான்கும் தரையை விட்டன, என் கால் இரண்டும் கூடவே விட்டன. ஆணையிட்டுச் சொன்னேனே, இதற்குத்தான். தோட்டத்துக்கு மேலே கரும்புத் தலைகள் கடல் மாதிரி சுருண்டு சுருண்டு ஓட, வண்டியும் நானும் ஒரு தென்னை உயரத்துக்குப் போனோம். அங்கே ஓர் அமைதி. சத்தமே இல்லை. லௌடோக்கா ஆலையின் புகைபோக்கி தெரிந்தது, அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் வெள்ளையாக ஏதோ, பிரிஸ்பேனாக இருக்கலாம். இந்தப் பக்கம் திரும்பினால், ராட்சசன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. பயமே தோன்றவில்லை. தூக்கம்தான் வந்தது.

குப்புசாமி வீட்டுக் கூரை மேலிருந்து தாவினான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கையால் கதவைப் பிடித்துத் தொங்கி, மறு கைக் கட்டைவிரலை அந்தப் பட்டன் மேல் வைத்து, பல்லைக் கடித்து அழுத்தினான். டக். காற்றுக்கு உள்ளே போக வழியில்லை. வண்டி முட்டையிட வந்த கோழி மாதிரி அடக்கமாகத் தரையில் உட்கார்ந்தது. நான் பம்பரை விட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மங்கம்மா நின்றிருந்தாள். மழை இரண்டு பேர் முகத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. குப்புசாமி பட்டனைப் பார்த்தான், கட்டைவிரலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அது புயலுக்காக அழுத்தினது."

மங்கம்மா கதவை விட்டுவிட்டு ஈரத்தில் இறங்கி வந்தாள். பட்டனை விரலால் தடவிப் பார்த்தாள். கழலவில்லை. "யாருக்காக இருந்தா என்ன? அழுத்தியாச்சு."

விமான நிலையத்தில்

அழுத்தினதை அவன் மறுபடி கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, மங்கம்மாவும் கேட்கவில்லை. கரும்பு வெட்டு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், பெட்டிகளை ஒரு கேரியரில் ஏற்றி நான் முன்னே போக, அவர்கள் இரண்டு பேரும் ரோட்ஸ்டரில் பின்னால் வந்தார்கள். ஜிப் முழுக்கத் திறந்திருந்தது. மங்கம்மா உட்கார்ந்தே வந்தாள். நெற்றியில் காற்றுப் படப் படக் கண்ணை மூடிக்கொண்டாள், நாந்தி வரைக்கும் திறக்கவே இல்லை. வண்டியை என் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டான் குப்புசாமி. "அப்பப்ப வெயில் காட்டுங்க மாமா" என்றான். தலையாட்டினேன்.

இத்தனை காலம் பின்வாசல் வழியாக நுழைந்தவன், அன்றைக்கு முன்வாசலில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். பழக்க தோஷத்தில் முன்னால் நின்ற ஒரு கிழவியின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். உள்ளேயிருந்து அவனோடு வேலை செய்த ஜோனே வந்தான். சபேட்டோ கிராமத்து ஆள், கதவு அகலம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜோனே மங்கம்மாவின் பெட்டியைத் தூக்கப்போனவன் முக்கினான். குப்புசாமியின் பெட்டியை ஒற்றை விரலால் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டான். பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டாம்: ஒரேயடியாகப் போகிறவன் பெட்டி கல்லாகக் கனக்கும், திரும்பி வரப்போகிறவன் பெட்டி காற்றாக இருக்கும். ஜோனே அந்த விரலை உயர்த்தி, முகமெல்லாம் வெளிச்சமாகி, "குப்பு, இது திரும்பி வர்றவன் பெட்டி" என்றான். குப்புசாமி தரையைப் பார்த்தான். எனக்கும் நெஞ்சில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. மங்கம்மா தன் கல் பெட்டி மேல் கையை வைத்து, அவசரமில்லாமல் சொன்னாள்: "அவரு சாமான் எல்லாம் இதுல இருக்கு."

அங்கே பிரிஸ்பேனில் குப்புசாமி, தானே யோசித்துத் தானே முடிவெடுத்து வந்ததாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். மங்கம்மா அதைக் கேட்டுத் தலையாட்டுகிறாளாம். என் அனுபவத்தில் மூடுவது ஒன்றும் கஷ்டமில்லை, நான்தான் மூடினேன் என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்க மாட்டான். ஆகவே என் சக பாவிகளே, இதையெல்லாம் யார் சொன்னது என்று யாராவது கேட்டால், என் பெயர் மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.